எழுத்தை மறந்த மெஷின் தேர்வு

ஸ்டிக்கர் கடை வைக்கப் போவதாக ஒருவர் சொன்னால் போதும், இன்று நாலா பக்கமிருந்தும் ஒரே யோசனைதான் வருகிறது: "வெறும் கட்டிங் பிளாட்டரில் காசைப் போடாதே. பிரிண்டும் எடுத்துக் கட்டிங்கும் செய்கிற மெஷினாகப் பார். லோன் கிடைக்கிறது. மெஷினே தன் தவணையைக் கட்டிக்கொள்ளும்." மெஷின் விற்பவர்கள் இப்படிச் சொல்வது அவர்கள் தொழில். ஆனால் சுயதொழில் வகுப்பு எடுப்பவர்களும், வங்கிக்குத் திட்ட அறிக்கை எழுதித் தருபவர்களும், இதே தொழிலில் பல ஆண்டு கண்டவர்களும்கூட இதை வழிமொழியத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் அடுக்கும் நியாயங்களில் ஒன்று என்னை நெடுநாளாக உறுத்திவருகிறது: "எழுத்தெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கு. மெஷின் வெட்டிக் கொடுத்துடும்." இந்தக் கூற்று பிழையானது. சிறு முதலோடு தொடங்கும் கடைகள் வேலையில் திணறுவதற்கும், நம் கடைவீதிகளில் தமிழ் எழுத்து பார்க்கச் சகிக்காமல் கிடப்பதற்கும் இதுவே வேர் என்பது என் கருத்து.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வண்ணப் படத்தோடு ஸ்டிக்கர் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒற்றை நிற வினைலை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ரேடியம் கடைகளுக்கு அன்றாட வருமானம் தந்த நம்பர் பிளேட் வேலை, 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயமானதிலிருந்து வற்றிவருகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் சாலையோரப் பேனரை நம்பி ஃப்ளெக்ஸ் மெஷின் போடுவதைவிட, கண்ணாடியிலும் சுவரிலும் வண்டியிலும் ஒட்டும் வினைல் வேலைக்கு வருவது நல்ல முடிவுதான். 2015இல் முத்ரா திட்டம் வந்தபின், ஜாமீன் காட்டச் சொத்தில்லாதவரும் சிசு பிரிவில் 50 ஆயிரம் வரைக்கும் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரைக்கும் கடன் கேட்க முடிகிறது. மலிவான சீன கட்டர்கள் வந்திராவிட்டால் பல சிற்றூர்களில் இந்தத் தொழிலே முளைத்திருக்காது. இவ்வளவும் உண்மை.

பிரிண்ட்-கட் மெஷினில் தொடங்குவதற்கு எதிரான வாதம் எளியது, நீட்ட வேண்டியதில்லை. ஈகோ சால்வென்ட் மையில் ஓடும் மெஷினுக்கு நாள்தோறும் வேலை வேண்டும். ஆர்டர் இல்லாமல் சில நாள் சும்மா நின்றால் ஹெட்டின் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யவே மை செலவாகும். ஹெட் போய்விட்டால் மாற்றுவது பெரும் செலவு. புதுக் கடைக்கு நாள்தோறும் ஆர்டர் வருவதில்லை. எடுத்த பிரிண்டை லேமினேட் செய்வதற்கு முன் ஒரு நாளாவது காயவிட வேண்டும். அதற்குக் கோல்டு லேமினேஷன் மெஷின் தனி. ஒரே மெஷினில் இரண்டு வேலையும் என்பதால் பிரிண்ட் ஓடும்போது கட்டிங் காத்துக்கிடக்கும். சதுர அடிக் கணக்கில் வினைல் பிரிண்ட் எடுத்துத் தரும் கடைகளுக்குப் பெரிய ஊர்களில் பஞ்சமில்லை. படத்தைச் சுற்றிப் பதிவுக்குறிகளோடு அங்கே பிரிண்ட் எடுத்துவந்தால், அந்தக் குறிகளைப் படிக்கும் சென்சார் உள்ள சாதாரண கட்டரே படத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டிவிடும். தொடக்கத்தில் பிரிண்டை வெளியே கொடுத்துவிட்டு, கட்டிங்கைத் தன் கையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கட்டர் மட்டும் வாங்கப் போகிறவரும் அதே குழியில்தான் விழுகிறார். என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

எந்த கட்டரின் விளம்பரத் தாளை எடுத்தாலும் மூன்று எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும்: அகலம், வேகம், அழுத்தம். 2 அடியா 4 அடியா. விநாடிக்கு 500 மில்லிமீட்டரா 800ஆ. 350 கிராமா 500 கிராமா. வாங்குபவர் இந்த மூன்றையும் விலையோடு ஒத்துப்பார்த்து முடிவெடுக்கிறார். இந்த மூன்றில் ஒன்றுகூட, அந்த மெஷின் தமிழில் ஒரு 'ண'வை எப்படி வெட்டும் என்று சொல்வதில்லை.

அகலத்தைப் பாருங்கள். எழுத்து வேலைக்கான வினைல் 2 அடி ரோலாகவே தாராளமாகக் கிடைக்கிறது. கடையின் பெயர் எவ்வளவு நீளமானாலும் ரோலின் நீளவாக்கில்தான் ஓடப்போகிறது. வேகம் என்று அச்சிட்டிருக்கும் எண், கத்தி நீண்ட நேர்கோட்டில் ஓடும்போது எட்டும் உச்சம். வளைவும் சுழியும் நிறைந்த எழுத்தில் கத்தி அந்த வேகத்தைத் தொடவே தொடாது, தொடவும் கூடாது. அழுத்தமும் அப்படியே. சாதாரண வினைலுக்கு 45 டிகிரி கத்தியில் 100 கிராம் அளவு அழுத்தமே பெரும்பாலும் போதும். ரிஃப்ளெக்டிவ் ஷீட் போன்ற தடித்த பொருளுக்குத்தான் 60 டிகிரி கத்தியும் கூடுதல் அழுத்தமும் வேண்டும். தொழிலில் நெடுங்காலம் பெயர் எடுத்த ரோலண்ட் ஜிஎஸ்-24 என்ற ஜப்பானிய கட்டரின் உச்ச அழுத்தமே 350 கிராம்தான். விலையில் அதற்கு வெகு கீழே நிற்கும் மெஷின்கள் 500 கிராம் என்று அச்சிட்டுக்கொள்கின்றன. எண் பெரிது என்பதால் வெட்டு சுத்தமாக வந்துவிடாது.

இந்த எண்களை மட்டும் பார்த்து வாங்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வினைல் எழுத்தைக் கணினி கொண்டு வெட்டும் தொழிலைப் பரவலாக்கியது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து கெர்பர் நிறுவனம். 1980களின் தொடக்கத்தில் அது கொண்டுவந்த சைன்மேக்கர் மெஷினில், எழுத்துருக்கள் மெஷினில் செருகும் சிறு பெட்டிகளாகவே வந்தன. விசைப்பலகையில் தட்டினால் எழுத்து வெட்டுப்பட்டு வரும். எழுத்தின் வடிவத்தைப் பற்றி மெஷின் ஓட்டுபவர் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கவலையை மெஷின் செய்தவர்களே தீர்த்துவைத்திருந்தார்கள், தங்கள் எழுத்துக்கு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26இல் 15 நேர்கோடுகளால் மட்டுமே ஆனவை. அவற்றை வெட்டுவதற்குச் சுமாரான மெஷினே போதும். எழுத்து கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்ற வாக்கியம் அங்கே உண்மையாக இருந்தது. அந்த நம்பிக்கையைத் தமிழுக்கும் அப்படியே பொருத்திக்கொண்டதுதான் நம் பிழை.

தமிழில் ட, ப, ர போன்ற சிலவற்றை விட்டால் எழுத்தெல்லாம் வளைவும் சுழியும்தான். அதன்மேல் புள்ளி. ஒரு கிளினிக்கின் கண்ணாடிக் கதவை எடுத்துக்கொள்வோம். டாக்டர் பெயர், படிப்பு, பார்க்கும் நேரம், விடுமுறை நாள் என்று நாலைந்து வரி; எழுத்தின் உயரம் 15 மில்லிமீட்டர். அதில் வரும் புள்ளியின் விட்டம் 2 மில்லிமீட்டர் இருக்கும்; சுற்றளவு 6 மில்லிமீட்டர் சொச்சம். கட்டரின் கத்திமுனை, கத்தி சுழலும் அச்சுக்கு நேர் கீழே இருப்பதில்லை. வழக்கமாகக் கால் மில்லிமீட்டர் பின்தங்கி இழுபட்டு வருகிறது. இதைத்தான் ஆஃப்செட் என்கிறார்கள். மெஷினில் வைத்திருக்கும் ஆஃப்செட் எண்ணும் மாட்டியிருக்கும் கத்தியின் உண்மையான ஆஃப்செட்டும் பொருந்தாவிட்டால், நேர்கோட்டில் தெரியவே தெரியாது. மூலைகளில் லேசாகத் தெரியும். புள்ளியில் அப்பட்டமாகத் தெரியும்: வட்டம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்காமல், நூலிழை அளவு வினைல் வெட்டுப்படாமல் நின்றுவிடும்.

அடுத்து வீடிங். எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை ஊசியால் கிளப்பி, மடக்கி, மெல்ல உரித்துக்கொண்டு வரும்போது அந்த நூலிழை புள்ளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். உரிப்பவர் உரித்த வினைலில் புள்ளியைத் தேடிப் பிடித்து, ஊசிமுனையில் ஏந்தி, மறுபடி எழுத்தின் தலைக்குமேல் வைக்கிறார். அது சற்று வலப்பக்கமோ சற்றுக் கீழேயோ போய் உட்காருகிறது. தூசி பட்ட பசை கண்ணாடியில் சரியாகப் பிடிப்பதும் இல்லை. நாலைந்து வரிக்குள் புள்ளிகள் எத்தனை வரும் என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பாட்டின் அளவு புரியும். அதோடு ஞ, ஐ, இ, ணூ போன்றவற்றின் சுழிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெட்டின் ஓரம் பிசிறாக இருந்தால் துண்டோடு எழுத்தின் கோடும் பிய்ந்து வரும். ஆங்கிலத்தில் கால் மணியில் முடியும் வேலை தமிழில் அரை நாளைத் தின்பது இப்படித்தான். கூலி மட்டும் அதே சதுர அங்குலக் கணக்கில்தான் கிடைக்கிறது.

இந்த இடத்தில் மெஷின்களுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு தெரியவரும். மலிவு கட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். இத்தனை அடி எடுத்து வை என்று கட்டளை போகும். எடுத்து வைத்ததா என்று அதற்கே தெரியாது. வேகத்தைக் கூட்டினால் அடி தவறும், வளைவுகளில் அதிர்வு ஏறும், சுழியின் ஓரம் பல்பல்லாக விழும். செர்வோ மோட்டார் தான் நிற்கும் இடத்தைத் தானே சரிபார்த்துக்கொண்டு ஓடும். வளைவு வழுவழுப்பாக வரும், சத்தமும் குறைவு. கிராஃப்டெக், ரோலண்ட், மிமாகி போன்ற ஜப்பானிய கட்டர்கள் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரோல் முன்னும் பின்னும் ஓடும்போது பக்கவாட்டில் விலகாமல் இருப்பதும் இதோடு சேர்ந்தது. ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் போகும் நீண்ட பெயரை வெட்டும்போது, உருளைகளின் பிடி சரியில்லாத மெஷினில் நாலாவது எழுத்திலிருந்தே கோடு சாயத் தொடங்கும். சாய்ந்தது ஒட்டும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் வினைலும் நேரமும் போய்விட்டிருக்கும்.

விளம்பரத் தாளில் இது எதுவும் இருக்காது. கடையில் காட்டும் டெமோவிலும் தெரியாது. மெஷினிலேயே இருக்கும் சோதனை வெட்டு ஒரு சதுரமோ முக்கோணமோ, மிஞ்சிப்போனால் ஒரு பெரிய வட்டமோதான். டெமோவுக்கு வெட்டிக் காட்டுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிறுவனப் பெயர், இல்லாவிட்டால் ஒரு பட்டாம்பூச்சி. அதைப் பார்த்துவிட்டு மெஷின் வாங்குபவர், தன் பிழைப்பில் பாதிக்குமேல் தமிழ் எழுத்தாக இருக்கப்போகிறது என்பதை அந்த நேரத்தில் நினைப்பதே இல்லை.

மெஷினைச் சரியாகத் தேர்ந்துவிட்டாலும் "எழுத்து கம்ப்யூட்டரில் இருக்கு" என்ற நம்பிக்கை விடாது. கம்ப்யூட்டரில் இருப்பது திரையில் படிக்கவும் தாளில் அச்சிடவும் செய்த எழுத்து. கத்தி போவதற்காகச் செய்தது அன்று. பல தமிழ் எழுத்துருக்களில் உயிர்க்குறி மெய்யின் மேல் ஏறி நிற்கும் இடங்களில் இரண்டின் வெளிக்கோடுகளும் தனித்தனியாகவே இருக்கும். இப்போது பரவிவரும் வேரியபிள் ஃபாண்ட்களில் இப்படிக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது வழக்கமே. திரையில் இரண்டும் கறுப்பாக நிரம்பிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. கத்தி கோட்டை மட்டும்தான் பார்க்கும். மெய்யின் உடம்புக்குள்ளேயே குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். உரிக்கும்போது எழுத்து இரண்டு துண்டாக வரும். கோரல் டிராவில் வெல்டு கொடுத்து எழுத்தை ஒரே வெளிக்கோடாக ஆக்கிய பிறகே கட்டருக்கு அனுப்ப வேண்டும். வளைவுகளில் தேவைக்கு மேல் இருக்கும் கணுக்களைக் குறைக்க வேண்டும். கணு கூடிய இடமெல்லாம் கத்தி தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் முண்டும் முடிச்சுமாகும். வட்டம் முடிந்த இடத்தைச் சற்றுத் தாண்டி வெட்டும்படி ஓவர்கட் வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆனால் மெஷின் விற்பவர் கட்டும் மூட்டையில் இவை இல்லை. பயிற்சி வகுப்பின் பாடத்திலும் இல்லை.

எழுத்துருவின் நிலைமையும் இதே. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்16ஐயும் தர நிர்ணயமாக அறிவித்துவிட்டது. ஸ்டிக்கர் கடைகளில் இன்றும் ஓடுவது பாமினி, டேம், டேப் என்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள்தான். பழைய டிசைன் மென்பொருள்களில் யூனிகோடு தமிழைப் போட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இன்றைய மென்பொருள்களில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரான், பாலூ தம்பி என்று வணிகத்துக்கும் சட்டப்படி இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. இருந்தும் கடைக்குக் கடை நகலெடுத்த அதே பத்துப் பதினைந்து பழைய எழுத்துருக்கள்தான் பலகையெங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒடுக்கமான இடத்தில் பெயர் அடங்காவிட்டால் எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். அமுக்கினால் நிற்கும் கோடு மெலியும், கிடக்கும் கோடு தடித்துத் தெரியும், சுழிகள் அடைந்துபோகும், புள்ளி முட்டையாகும். மெலிந்த கோடும் அடைந்த சுழியும் வெட்டவும் வராது, உரிக்கவும் வராது. பார்வைக்குக் கெட்டது எதுவோ அதுவே வேலைக்கும் கெட்டது. இந்தத் தொழிலில் இரண்டும் வேறல்ல.

"இதையெல்லாம் வாடிக்கையாளர் பார்க்கிறாரா? விலையைத்தானே பார்க்கிறார்" என்பார்கள். இந்தப் பதில் எனக்கு மிகவும் சலித்துப்போன பதில். வாடிக்கையாளர் ஒட்டிய அன்றைக்குப் பார்க்காமல் இருக்கலாம். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பார். ஆங்கில 'ஐ'யின் தலைப்புள்ளி விழுந்தாலும் அதை 'ஐ' என்றே படிக்கலாம். தமிழில் புள்ளி அலங்காரம் அன்று, எழுத்தின் உயிர்நிலை அதுதான். 'பல் மருத்துவமனை'யில் ஒரு புள்ளி விழுந்தால் அது 'பல மருத்துவமனை' ஆகிவிடும். 'கண் டாக்டர்' 'கண டாக்டர்' ஆகிவிடுவார். பலகை வைத்தவர் தினமும் அதன் கீழேதான் நடந்துபோகிறார். அடுத்த வேலையை அவர் யாரிடம் கொடுப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில், ஆங்கிலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது விதி. ஆக, இந்த மாநிலத்தில் பெயர்ப்பலகைத் தொழில் என்பதே முதலில் தமிழ் எழுத்துத் தொழில். அந்தத் தொழிலுக்கான கருவியைத் தமிழ் எழுத்தை வைத்துச் சோதிக்காமல் வாங்குகிறோம். வேறெந்தத் தொழிலில் இப்படி நடக்கும்?

இதைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஊருக்கு ஊர் 'ஆர்ட்ஸ்' என்று பெயர் போட்டுக்கொண்டு சுவரிலும் பலகையிலும் எழுதியவர்கள். கரூர் பஸ் பாடிப் பட்டறைகளிலும் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகளிலும் வண்டிப் பெயரைத் தூரிகையால் எழுதியவர்கள். ஒரு பெயரில் எந்த எழுத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், புள்ளியை எழுத்திலிருந்து எவ்வளவு விலக்க வேண்டும், தூரத்திலிருந்து படிப்பவருக்குச் சுழி அடைந்துபோகாமல் இருக்க எப்படி அகட்ட வேண்டும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். கட்டர் வந்தபோது அந்த அறிவை மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்க வேண்டும். மாறாக, மெஷின் இருக்கிறது, இனி நீங்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். பெயிண்டும் தூரிகையும் போனதில் எனக்கு வருத்தமில்லை, காலம் மாறும். எழுத்தறிவை அவற்றோடு சேர்த்துத் தூக்கியெறிந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த விஷயத்தில் கடன் ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. திட்ட அறிக்கையில் இயந்திரத்துக்கு ஒரு பத்தி, மூலப்பொருளுக்கு ஒரு பத்தி, வாடகை, மின்சாரம், கூலி என்று தனித்தனிப் பத்திகள். கொட்டேஷன் கேட்பது மெஷினுக்குத்தான். கடன் தொகை கூடக்கூட மெஷின் பெரிதாகிறது. எழுத்துக் கற்றுக்கொள்ள ஒரு மாதம், சோதனைக்கு நாலு ரோல் வினைல், எழுத்துருக்களைக் கத்திக்கு ஏற்பத் திருத்திவைக்கும் நேரம் இவற்றுக்குப் பத்தி இல்லை. பத்தி இல்லாதது செலவாகவும் தெரிவதில்லை, தேவையாகவும் தெரிவதில்லை. இளைஞர்கள் 4 அடி மெஷினோடு கடையைத் திறந்துவிட்டு, 2 மில்லிமீட்டர் புள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு எதை வாங்குவது? இருக்கும் பணத்தில் 4 அடி ஸ்டெப்பர் மெஷினா, 2 அடி செர்வோ மெஷினா என்று வந்தால், 2 அடி செர்வோ. புதிது கட்டுப்படியாகாவிட்டால் நன்றாகப் பராமரித்த பழைய மெஷின். உருளைகள் தேய்ந்திருக்கின்றனவா, கத்தி ஓடும் தடத்திலுள்ள பட்டையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கலாம். இவை இரண்டும் மாற்றக்கூடியவைதான். பதிவுக்குறி படிக்கும் சென்சார் இருக்கட்டும். கத்தியில் சிக்கனம் வேண்டாம். 45 டிகிரியில் சிலதும் 60 டிகிரியில் ஒன்றிரண்டும், ஆஃப்செட் அளவு தெரிந்த தயாரிப்பாக, கையிருப்பில் வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தத்தைக் கூட்டி ஓட்டினால் அடித்தாளும் சேர்ந்து வெட்டுப்படும். பிறகு வினைலையும் தாளையும் பிரிக்கவே முடியாது. லாரி முகப்புக்கும் கடை மேல்பலகைக்கும் ஓரடி உயர எழுத்து மட்டுமே வெட்டுவேன் என்பவருக்கு மலிவு மெஷின் போதும். ஆனால் அப்படி மட்டும் வேலை வரும் ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

வினைலிலும் இதே அளவுகோல்தான். மலிவு ரகம் தடிமனாக இருக்கும், வெயிலில் சுருங்கும். சுருங்கும்போது முதலில் ஓரம் தூக்குவதும் பசைக்கோடு தெரிவதும் புள்ளியிலும் மெல்லிய வாலிலும்தான். நல்ல ரகத்தின் ஆயுள் குறிப்பையும் முழுதாக நம்ப வேண்டாம். நம் கடைகளில் பரவலாகப் புழங்கும் ஓராகல் 651க்கு அதன் ஜெர்மானியத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் கணக்கு, செங்குத்தாக ஒட்டி மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் வைத்தால் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. திருச்சி வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லியே விலை பேசுவது நேர்மை.

ஸ்டிக்கர் கடை தொடங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் பார்க்கப் போகும்போது பென்டிரைவில் உங்கள் கோப்பைக் கொண்டுபோங்கள். இஞ்சி, ஜூஸ், ஐந்நூறு, கண்ணாடி, பல் மருத்துவமனை என்று நாலைந்து சொற்கள் போதும். 10, 15, 25 மில்லிமீட்டர் உயரத்தில், வெல்டு செய்து வைத்திருங்கள். விற்பவர் தன் டெமோவை முடித்த பிறகு உங்கள் கோப்பை வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், அங்கேயே உட்கார்ந்து, உங்கள் கையாலேயே உரியுங்கள். புள்ளிகள் அத்தனையும் தாளில் நின்றால் விலை பேசுங்கள். நிற்கவில்லையென்றால், எத்தனை அடி அகலமானாலும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், கொட்டேஷன் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.